ப்ளூபேர்ட் கஃபேயில் நான்கு கிடார்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வேலை விஷயமாக அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்குப் போகிறேன். ஒரே ஒரு மாலைதான் ஓய்வு. எல்லோரும் ப்ளூபேர்ட் கஃபேக்குப் போகச் சொல்கிறார்கள். படத்தில் பார்த்தால் கடைவரிசையில் ஒரு சின்னக் கடை மாதிரிதான் இருக்கிறது. பெரிய அரங்குகள் உள்ள ஊரில், பெயரே கேள்விப்படாத நாலு பேர் கிடாரோடு உட்கார்ந்து பாடுவதைக் கேட்க எதற்காக அங்கே போக வேண்டும்?"

கண்டிப்பாகப் போங்கள். பகலில் நேரம் கிடைத்தால் ரைமன் அரங்கைச் சுற்றிப் பாருங்கள். 1892-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் 2,300 பேருக்கு மேல் உட்காரலாம், அதன் பெருமை பெரியது. ஆனால் மாலை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை ப்ளூபேர்டுக்குக் கொடுங்கள். கிடாரைக் கையில் எடுத்துத் தானே எழுதித் தானே பாடும் அமெரிக்க மரபு வளர்ந்தது பெரிய மேடைகளில் இல்லை. நூறு பேர்கூடக் கொள்ளாத அறைகளில், பேசாமல் உட்கார்ந்து கேட்ட ஜனங்களுக்கு முன்னால்தான் அது வளர்ந்தது. அப்படிப்பட்ட அறை ஒன்று இன்றும் வாரம் முழுக்க நடக்கிறது, நீங்கள் போகும் ஊரிலேயே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நகர மையத்திலிருந்து சில மைல் தள்ளி, கிரீன் ஹில்ஸ் பகுதியில், ஹில்ஸ்பரோ பைக் சாலையோரக் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. உள்ளே சுமார் 90 பேருக்கு இடம். சின்னச் சின்ன மேசைகள், ஒரு பார், சுவர் முழுக்க அங்கே பாடியவர்களின் படங்கள். 1982-இல் ஏமி கர்லண்ட் என்ற இளம்பெண் இதை ஒரு உணவகமாகத்தான் தொடங்கினார். அவருடைய அப்பா ஷெல்டன் கர்லண்ட் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பெயர்பெற்ற வயலின் கலைஞர். பாட்டு எழுதுகிறவர்களுக்கென்று சில இரவுகளை ஒதுக்கப் போய், அதுவே இடத்தின் அடையாளமாகிவிட்டது.

அந்த இடத்தின் சட்டம் ஒன்றே ஒன்று: பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது. உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்போமே, அதையே அவர்கள் தங்கள் முத்திரை வாசகமாக்கி, சட்டையில் அச்சடித்தும் விற்கிறார்கள். பேசிக்கொண்டே இருக்கும் மேசைக்கு ஊழியர் வந்து மெதுவாகச் சொல்வார். பிறகும் பேசினால் வெளியே போகச் சொல்லவும் தயங்க மாட்டார்கள். பணம் கொடுத்து வந்த வாடிக்கையாளரை வாயை மூடச் சொல்லும் கடை எப்படி இத்தனை வருடம் ஓடுகிறது என்றால், வருகிறவர்கள் அந்த அமைதிக்காகவே வருகிறார்கள்.

நான் போன ஒரு இரவு நினைவிருக்கிறது. மேடை காலியாகவே கிடந்தது. அறையின் நடுவில் நான்கு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி போட்டிருந்தார்கள், நான்கு மைக், நடுவில் தண்ணீர் பாட்டில்கள். எங்கள் மேசைக்கும் பாடுகிறவரின் முதுகுக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடம்தான் இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, நரைத்த தலைமுடியைப் பின்னி முன்னால் போட்டிருந்தார். கிடாரின் இரண்டாவது கட்டையில் கேப்போவை, அதாவது சுருதியை ஏற்றும் கவ்வியை, மாட்டிவிட்டு, அப்பா தன் பழைய லாரியை விற்ற நாளைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார், அப்புறம் பாட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் முதல் சரணம் முடியும்வரை தன் கிடார்த் தந்திகள்மேல் உள்ளங்கையை வைத்து அடக்கிக்கொண்டார். இரண்டாவது சரணத்தில் மெல்ல நாலைந்து ஸ்வரங்கள் சேர்த்தார், பல்லவியில் கீழ்க்குரலில் கூடப் பாடினார். தட்டு நிறையக் கோப்பைகளோடு வந்த பரிமாறுகிற பையன் பாதி வழியில் நின்றுவிட்டான். கடைசி ஸ்வரம் அடங்கிய பிறகுதான் நகர்ந்தான். கட்டைவிரல் நகம் கனத்த தந்தியில் உரசும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது.

இந்த வட்ட ஏற்பாட்டுக்கு "இன் த ரவுண்ட்" என்று பெயர். 1985-இல் டான் ஷ்லிட்ஸ், தாம் ஸ்கைலர், ஃப்ரெட் நாப்லாக், பால் ஓவர்ஸ்ட்ரீட் என்ற நான்கு பாடலாசிரியர்கள், மேடையில் வரிசையாக நிற்பதை விட்டுவிட்டு அறையின் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒரு பாட்டு பாடுவார், அது பிறந்த கதையைச் சொல்வார், பிறகு முறை அடுத்தவருக்குப் போகும். இப்படி மூன்று நான்கு சுற்று. ஒருவர் கண்ணீர் வரவழைக்கும் பாட்டைப் பாடி முடித்தால், அடுத்தவர் அதற்குமேல் என்ன பாடலாம் என்று அந்த நொடியில் யோசிப்பது முகத்தில் தெரியும். பட்டியல் போட்டுக்கொண்டு வந்து பாடும் கச்சேரியில் இது கிடைக்காது. இன்று அமெரிக்கா முழுக்கச் சின்ன அரங்குகளில் இதே வடிவத்தைப் பார்க்கலாம்.

பெயர் கேள்விப்படாத நாலு பேர் என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் சுவாரசியமே இருக்கிறது. நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது தனித் தொழில். மியூசிக் ரோ பகுதியில் காலையில் இரண்டு மூன்று பேர் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள், அது நட்சத்திரப் பாடகர் ஒருவரிடம் போகும், நாடு முழுக்க ஒலிக்கும். எழுதியவர் மளிகைக் கடையில் வரிசையில் நின்றால் ஒருவருக்கும் தெரியாது. ஷ்லிட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள், கென்னி ராஜர்ஸ் பாடி உலகப் புகழ்பெற்ற 'த கேம்ப்ளர்' அவர் எழுதியது. அந்தப் பாட்டைத் தெரியாத அமெரிக்கர் குறைவு, அவர் முகத்தைத் தெரிந்தவர்களும் குறைவு. ஆகவே நீங்கள் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை, அதை எழுதிய ஆளே, மேளமும் வயலின் கூட்டமும் இல்லாமல் பாடுவதைக் கேட்க வாய்ப்பு அதிகம்.

இப்படி முகம் தெரியாமலேயே பிழைக்க முடிந்ததற்குப் பின்னால் ஒரு சட்ட ஏற்பாடும் இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், அதை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்கு அந்த ஒலிபரப்புக்காக ஒன்றும் கிடையாது. 1914-இல் தொடங்கிய ஆஸ்காப், 1939-இல் வந்த பி.எம்.ஐ. போன்ற உரிமை அமைப்புகள் வானொலி நிலையங்களிடமும் உணவகங்களிடமும் உரிமக் கட்டணம் வாங்கி எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. இதைத் தவிர விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தொகை. 2006-லிருந்து 2022 வரை அது பாட்டுக்கு 9.1 சென்ட். பத்து லட்சம் பிரதி விற்கும் இசைத்தட்டில் யாரும் கவனிக்காத ஒன்பதாவது பாட்டை எழுதியிருந்தாலும், அதற்கு 91,000 டாலர் வரும். கூட எழுதியவர்களோடும் பதிப்பாளரோடும் பங்கு போட்டுக்கொண்டாலும் ஒரு வருடம் ஓட்டலாம். இசைத்தட்டு விற்பனை விழுந்து, இணையத்தில் தனித்தனிப் பாட்டாகக் கேட்கும் பழக்கம் வந்ததும் அந்த ஒன்பதாவது பாட்டின் வருமானம் போய்விட்டது. முழுநேரமாக எழுதிப் பிழைத்த நடுத்தர வர்க்கத்துப் பாடலாசிரியர்களைத்தான் இது நேராக அடித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர்தான் இப்போது இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து பாடுகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ப்ளூபேர்டைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதைகள் இரண்டு. இசைத்தட்டுக் கம்பெனிகள் எல்லாம் திருப்பி அனுப்பியிருந்த, பிற்பாடு கண்ட்ரி இசையின் பெரிய நட்சத்திரமான கார்த் ப்ரூக்ஸ், 1988-இல் ஒரு இரவு, முன்னால் பாட வேண்டியவர் வராததால் வரிசையில் முந்திப் பாடினார். கேட்டுக்கொண்டிருந்த கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் அதிகாரி அவரை ஒப்பந்தம் செய்தார். 2004-இல் பதினான்கு வயது டெய்லர் ஸ்விஃப்டை, இசைத்தட்டு நிறுவன அதிகாரி ஸ்காட் போர்ச்செட்டா கேட்டதும் இதே அறையில்தான். நல்ல கதைகள்தான், ஆனால் இவற்றை மட்டுமே நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அடுத்த நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கும் ஆசையோடு உட்கார்ந்தால் எதிரில் பாடுகிறவரின் பாட்டு காதில் ஏறாது.

சின்ன அறை ஒரு பாட்டுக்காரரை என்ன செய்யும் என்பதற்கு என் மனதில் முதலில் நிற்கும் கதை நாஷ்வில்லில் நடந்ததே இல்லை, சிக்காகோவில் நடந்தது. ஜான் ப்ரைன் அப்போது மேவுட் என்ற புறநகரில் தபால்காரர். ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தவர். அந்த நடையில் மனசுக்குள்ளேயே பாட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். 1970-இல் ஆர்மிட்டேஜ் அவென்யூவில் 'ஃபிஃப்த் பெக்' என்ற சின்ன இடத்தில், யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்ற இரவில் உட்கார்ந்திருந்தார். பாடியவர்களைப் பற்றி அவர் ஏதோ முணுமுணுக்க, பக்கத்திலிருந்தவர் "நீ இதைவிட நன்றாகப் பாடுவாயா?" என்று கேட்க, ஏறினார். மூன்று பாட்டு பாடினார். ஒன்று, வியட்நாம் போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய ஒரு தகப்பனைப் பற்றியது. இன்னொன்று, பிள்ளைகள் பிரிந்துபோன வீட்டில் வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு தம்பதியைப் பற்றியது. மற்றொன்று, நிலக்கரி நிறுவனம் தோண்டி அழித்துவிட்ட, தன் பெற்றோரின் கென்டக்கி ஊரைப் பற்றியது.

முடித்தபோது அறையில் சத்தமே இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அப்புறம்தான் கைதட்டல் எழுந்தது. கடைக்காரர் வியாழக்கிழமை தோறும் வந்து பாடச் சொன்னார். சில வாரம் கழித்து, திரைப்பட விமர்சகர் ராஜர் ஈபர்ட் ஒரு படத்துக்குப் போயிருந்தார். பாப்கார்னில் உப்பு அதிகம், தாகம் எடுத்தது, பாதியில் எழுந்து பீர் குடிக்க இந்த இடத்துக்குள் நுழைந்தார். அன்று படத்துக்குப் பதிலாக, பாடும் தபால்காரரைப் பற்றி எழுதினார். 1970 அக்டோபர் 9-ஆம் தேதி பத்திரிகையில் வந்தது. மறுநாள் ப்ரைனுக்கு 24-ஆவது பிறந்தநாள். அதற்கப்புறம் அந்த அறையில் இடம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

அடுத்த வருடம் இன்னொன்று நடந்தது. ப்ரைனின் நண்பர் ஸ்டீவ் குட்மன், ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனின் நிகழ்ச்சிக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தார். என்னைப் பாராட்டியது போதும், என் நண்பனை வந்து கேளுங்கள் என்று அவரைப் பின்னிரவில் 'எர்ல் ஆஃப் ஓல்ட் டவுன்' என்ற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கடை மூடும் நேரம், நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தாகிவிட்டது. ப்ரைன் மறுபடி கிடாரை எடுத்து, இருந்த சிலருக்காகப் பாடினார். அந்த 1971-லேயே அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்துவிட்டது. தனக்கு வந்த வெளிச்சத்தை நண்பன் பக்கம் திருப்பிவிட்ட குட்மனின் மனசு எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிகிறது. பிற்பாடு ப்ரைன் நாஷ்வில்லிலேயே குடியேறினார். 2020 ஏப்ரலில் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

அந்தப் பாட்டுகளை இரைச்சலான மதுக்கடையில் வைத்துப் பாருங்கள். கதை சொல்லும் பாட்டில் மூன்றாவது வரி காதில் விழாவிட்டால் நான்காவது வரிக்கு அர்த்தமே இல்லை. ஒரு வரியைப் பக்கத்து மேசைச் சிரிப்பு விழுங்கிவிட்டால் பாட்டு முடிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் தினமும் பாடுகிறவர், தன்னையறியாமல் சத்தமான பாட்டுகளை எழுதத் தொடங்குவார், பல்லவியை நாலு தடவை திருப்புவார். ஒவ்வொரு சொல்லும் கேட்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் தயங்கித் தயங்கி நகரும் பாட்டை எழுதத் துணிவார். அறை எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் பாட்டும் உருவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த அமைதியை யாராவது ஒருவர் பிடிவாதமாகக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1960-இல் லீனா ஸ்பென்சரும் கணவர் பில்லும் 'கஃபே லீனா'வைத் திறந்தார்கள். படியேறிப் போகும் மாடி அறை, மது கிடையாது, காபிதான். 1961-இல், இன்னும் யாருக்கும் தெரியாத பாப் டிலன் அங்கே பாட வந்தபோது கூட்டம் பேசிக்கொண்டே இருந்தது. பில் மேடையேறி, இந்தப் பையன் என்ன சொல்ல வருகிறான் என்று கேட்டால்தானே தெரியும் என்று அதட்டியதாக அங்கே சொல்வார்கள். கணவர் பிரிந்துபோன பிறகும் லீனா தனியாக நடத்தினார். பாட வந்தவர்களுக்குச் சோறு போட்டார், படுக்க இடம் கொடுத்தார். லாபம் என்று பெரிதாக எதையும் பார்க்கவில்லை. 1989-இல் அவர் இறந்த பிறகு ஊர் மக்களும் ரசிகர்களும் சேர்ந்து அதை லாப நோக்கமற்ற அமைப்பாக்கிவிட்டார்கள். இன்றும் நடக்கிறது. ப்ளூபேர்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 2008-இல் ஏமி கர்லண்ட், அதிக விலைக்கு யாருக்கோ விற்காமல் நாஷ்வில் பாடலாசிரியர்கள் சங்கத்திடம் ஒப்படைத்தார். இந்த மாதிரி இடங்கள் இரண்டாவது தலைமுறைக்கும் நிலைப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபோக் (நாட்டுப்புற மரபுப் பாட்டு), அமெரிக்கானா என்று சொல்லும் இசையையே நீங்கள் தேடுவதாக இருந்தால், ப்ளூபேர்டின் வாசம் கொஞ்சம் கண்ட்ரி பக்கம் சாயும். அமெரிக்கானா என்ற பெயரில் வானொலித் தரவரிசை வந்ததே 1995-இல்தான். கண்ட்ரி நிலையங்கள் ஒதுக்கிவிட்ட, பழைய நாட்டுப்புற இசை வேர்களிலிருந்து வந்த பாட்டுக்காரர்களுக்கு ஒரு கூரை அது. 1999-இல் அவர்களுக்கென்று சங்கமும் நாஷ்வில்லில் உருவானது. வருடா வருடம் செப்டம்பர் வாக்கில் அவர்கள் திருவிழா நடக்கும், உங்கள் பயணம் அப்போது அமைந்தால் ஊர் முழுக்க இருக்கும் சின்ன அறைகளில் கேட்கலாம். மற்ற ஊர்களுக்குப் போனால் பாஸ்டன் பக்கம் கேம்பிரிட்ஜில் பாசிம் இருக்கிறது. 1958-இல் கிளப் 47 என்று தொடங்கி ஜோன் பயஸின் தொடக்க நாட்களைப் பார்த்த இடத்தின் வாரிசு அது. சாண்டா மோனிகாவில் மெக்கேப்ஸ் என்ற கிடார் கடையின் பின்னறையில், சுவரில் தொங்கும் விற்பனைக் கிடார்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்கலாம்.

போவதற்கு முன் வீட்டிலேயே காதைப் பழக்கிக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். டெக்சாஸ் பாடலாசிரியர் டவுன்ஸ் வான் சாண்ட் 1973 ஜூலையில் ஹூஸ்டனில் ஓல்ட் குவார்ட்டர் என்ற சின்ன மதுக்கடையில் பாடியதைப் பதிவு செய்து 1977-இல் வெளியிட்டார்கள். ஒரு குரல், ஒரு கிடார், அவ்வளவுதான். தொடக்கத்தில் கடைக்காரர் சிகரெட் இயந்திரம் எங்கே, தொலைபேசி எங்கே, கழிப்பறை எங்கே என்று அறிவிக்கிறார். பாட்டுகளுக்கு அடியில் பாட்டில்கள் மோதும் ஒலி வருகிறது. பாட்டு ஏற ஏற அந்த ஒலி குறைந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். ஒரு கூட்டம் தானாகவே அடங்குவதைக் காதால் கேட்கலாம்.

சரி, பாடுகிறவருக்கு என்ன கிடைக்கிறது? இந்த அளவு அரங்குகளில் பொதுவாக வாசலில் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்குதான் சம்பளம். ஒரு கணக்குக்கு, 90 இருக்கை, ஆளுக்கு 20 டாலர் என்றால் மொத்தம் 1,800. அதில் கடையின் பங்கும் செலவும் போக மிச்சத்தை நான்கு பேர் பிரித்தால், எரிபொருளுக்கும் விடுதிக்குமே பாதி போய்விடும். அதனால்தான் கடைசியில் வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு சி.டி.யும் இசைத்தட்டும் வைத்திருப்பார்கள். பாட்டு பிடித்திருந்தால் அங்கே ஒன்று வாங்குங்கள். இணையத்தில் ஆயிரம் முறை கேட்பதைவிட அது அவருக்கு உதவும். இந்தக் கணக்கு கட்டாமல்தான் பலர் ரசிகர்களின் வீட்டுக் கூடத்தில் முப்பது நாற்பது பேருக்குப் பாடும் ஹவுஸ் கான்சர்ட் பக்கம் போகிறார்கள். அங்கே உண்டியலில் விழுவது பெரும்பாலும் முழுவதும் பாடியவருக்கே.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். விற்பனை இணையத்தில், சில நாள் முன்னதாகத் திறக்கும், சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். எந்த நேரத்தில் திறக்கிறார்கள் என்று அவர்கள் தளத்தில் பார்த்து, அந்த நிமிடத்தில் தயாராக இருங்கள். ஆளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டும் என்று ஒரு விதி உண்டு. திங்கட்கிழமை இரவு என்றால் வழக்கமாக யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பாடும் ஓப்பன் மைக். தரம் ஏறி இறங்கும், ஆனால் ஊருக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தில் கை நடுங்கப் பாடுகிறவர்களை அன்றுதான் பார்க்க முடியும். எனக்கு அது மிகவும் பிடிக்கும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் நகர மையத்துக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் இன் இருக்கிறது, 1974-லிருந்து நடக்கிறது. அங்கே ப்ளூகிராஸ், பாஞ்சோவும் மாண்டலினும் அதிகம். சீக்கிரமே போய்விடுங்கள், முன்வரிசை மேசைகள் முதலில் நிறையும்.